டயருக்குள் ஒட்டிய சென்சார் எதைப் பார்க்கிறது?

கேள்வி: தினமும் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குக் காரில் வேலைக்குச் சென்று வருகிறேன். டயரில் காற்று குறைந்தால் எரியும் விளக்கு என் காரில் இருக்கிறது. டயர் சாலையில் எப்படிப் படிகிறது என்பதையே கண்டறியும் சென்சார்கள் வந்துவிட்டதாக என் மகன் சொல்கிறான். இரண்டும் ஒன்றுதானா?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: ஒன்றல்ல. உங்கள் காரில் உள்ளது காற்றழுத்தத்தை மட்டும் கவனிக்கும் ஏற்பாடு. மகன் சொல்வது, டயரின் உட்புறத்தில், சாலையைத் தொடும் பகுதிக்கு நேர் பின்னால் ஒட்டப்படும் முடுக்கமானி; அதாவது, வேகமோ திசையோ மாறும் வீதத்தை (முடுக்கத்தை) அளக்கும் கருவி.

30 செ.மீ. ஆரமுள்ள சக்கரம் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் சுழலும்போது, அந்தச் சிறு கருவி புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 165 மடங்கு முடுக்கத்தை உணர்கிறது. அது ஒட்டியுள்ள இடம் கீழே வந்து சாலையில் தட்டையாகப் படிந்ததும் அந்த அளவு ஏறக்குறைய சுழியத்துக்கு இறங்கி, சாலையை விட்டு எழும்போது மீண்டும் ஏறிவிடுகிறது. டயர் சாலையில் படியும் பகுதியான அந்தப் படிவு நம் உள்ளங்கையைவிடச் சற்றே பெரிது; அது 12 செ.மீ. நீளம் இருந்தால், இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் இடைவெளி ஒரு நொடியில் ஆயிரத்தில் ஐந்தரைப் பங்குதான். இது நொடிக்குப் பன்னிரண்டு முறை நிகழ்கிறது. பாரம் கூடினாலோ காற்று குறைந்தாலோ படிவு நீள்கிறது. சாலையில் நீர் இருந்தால், டயர் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அதிர்வு மாறுகிறது. ஜப்பானின் ஹொக்கைடோவில், சாலை ஈரமா, பனியா என்பதை பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனத்தின் இத்தகைய சென்சார்கள் பிரித்துச் சொல்கின்றன.

உங்களைப் போல ஐப்பசி, கார்த்திகையிலும் அந்தச் சாலையில் சென்று வருவோருக்கு இது ஏன் முக்கியம் என்பதைச் சொல்லியாக வேண்டும். தேங்கிய நீரில் டயர் தரையை விட்டு மிதக்கத் தொடங்கும் வேகம், காற்றழுத்தம் குறையக் குறைய இறங்கும். 1963இல் வெளிவந்த நாசா ஆய்வின் சூத்திரப்படி, 32 பிஎஸ்ஐ இருந்தால் மணிக்குச் சுமார் 94 கி.மீ.; 24 பிஎஸ்ஐ என்றால் சுமார் 81 கி.மீ. அது விமான டயர்களை வைத்துக் கண்ட கணக்கு. பட்டன் (டயரின் மேற்பரப்பில் உள்ள வரிப்பள்ளங்கள்) தேய்ந்த கார் டயர் இன்னும் குறைந்த வேகத்திலேயே மிதந்துவிடக்கூடும். அமெரிக்க விதியோ, அழுத்தம் 25 விழுக்காடு குறையும்போது விளக்கு எரிந்தால் போதும் என்கிறது. அதாவது, 32 இருக்க வேண்டிய டயரில் 25 மட்டுமே இருந்து, விளக்கு எரியாமலே நீங்கள் கிருமாம்பாக்கத்தைத் தாண்டி நீர் நிறைந்த பள்ளத்தில் இறங்க நேரிடலாம். ஆகவே மாதம் ஒருமுறையாவது, டயர் சூடேறாத காலை வேளையில் காற்றைச் சரிபாருங்கள். பட்டன் ஆழம் 1.6 மி.மீ. ஆகும் வரை தேய நம் நாட்டில் அனுமதி உண்டு என்றாலும், மழைக்கு அது போதாது என்பதே என் கருத்து.

கேள்வி: சென்சார் உள்ள டயரைப் பஞ்சர் கடையில் கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?
– ஒரு வாசகர், லாஸ்பேட்டை

பதில்: டயரைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பெரும்பாலான கார்களில் சென்சார் வால்வின் அடியில் ரிம்முக்குள் அமர்ந்திருக்கும். வால்வுக்கு அருகே லீவரை நுழைத்து நெம்பினால் அது உடைந்துபோகும். உள்ளே ஒட்டப்பட்ட வகையாக இருந்தால், அந்த இடத்தைச் சுரண்டி ஒட்டுப் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். 2020இல் திருத்திய நம் நாட்டு விதிப்படி, டியூப்லெஸ் டயரும் காற்றழுத்தக் கண்காணிப்பும் பஞ்சர் ஒட்டும் பொருள்களும் உள்ள காரில் ஸ்டெப்னி கட்டாயமில்லை. ஆனாலும் உங்கள் காரில் ஸ்டெப்னி இருந்தால் அதை எடுத்துவிடாதீர்கள். அதிலும் காற்று இருக்கிறதா என்று பாருங்கள்.