பழைய கணினிக்கு இலகுவான இயங்குதளம்: எத்தனை ஆண்டு துணை வரும்?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் வீட்டோடு மாலை வகுப்பு நடத்துகிறேன். 2011இல் வாங்கிய மடிக்கணினி ஒன்றும் (கோர் ஐ3, 4 ஜிபி நினைவகம், விண்டோஸ் 10), அண்ணா விட்டுச்சென்ற பென்டியம் 4 மேசைக்கணினி ஒன்றும் (1 ஜிபி) என்னிடம் இருக்கின்றன. வினாத்தாள் தட்டச்சு செய்வது, கடந்தகால வினாத்தாள்களை இறக்கி அச்சிடுவது, பிள்ளைகளுக்குக் காணொளி காட்டுவது, இவ்வளவுதான் வேலை. இரண்டையும் கழித்துவிடுங்கள் என்கிறார்கள் கடையில். லுபுண்டு என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தைப் போடலாம் என்கிறார் தெரிந்த ஒருவர். அது பழைய கணினிகளுக்கென்றே செய்யப்படுகிறதா? நடுவழியில் கைவிட்டுவிட மாட்டார்களா?

பதில்: மடிக்கணினியைக் கழிக்காதீர்கள். அதில் இன்னும் சில ஆண்டுகள் வேலை வாங்கலாம். பென்டியத்தைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் மடிக்கணினி 2025 அக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தரும் வழக்கமான ஆதரவு முடிந்ததோடு அந்தரத்தில் விடப்பட்ட கூட்டத்தைச் சேர்ந்தது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்திய புரொசசர்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. உங்களுடையது இரண்டாம் தலைமுறையைத் தாண்டியிராது. ஆக, பழுதில்லாத இயந்திரத்தைக் கழிக்கச் சொல்கிறார்கள்.

இனி லுபுண்டு. அது பழைய கணினிகளுக்கானது என்ற பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொடக்கத்தில் அந்தப் பெயர் பொருந்தியது. உபுண்டு என்ற பிரபல லினக்ஸின் எடையைத் தாங்காத இயந்திரங்களுக்காக, எல்எக்ஸ்டிஈ என்ற மெலிந்த மேசைத்தளத்தோடு (திரையில் நாம் காணும் சாளரங்கள், பட்டியல்களின் தொகுதி) வந்தது. ஆனால் 2018இல் குழுவினர் வெளிப்படையாகவே திசையை மாற்றினார்கள். பழைய வன்பொருளைக் குறிவைப்பது இனி எங்கள் முதன்மை நோக்கமல்ல, பயனரின் வழியில் குறுக்கே நிற்காத எளிய இயங்குதளம் தருவதே நோக்கம் என்றார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் எல்எக்ஸ்கியூட்டி என்ற புதிய மேசைத்தளத்துக்கு மாறினார்கள். 2019 ஏப்ரலில் வந்த 19.04 பதிப்போடு பழைய வகையான 32 பிட் புரொசசர் கணினிகளுக்கு விடைகொடுத்தார்கள்.

அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்தாண்டுப் பழைய கணினி என்றால் 2011இல் ஒன்று, இன்று வேறொன்று. அன்றைக்குப் புத்தம் புதிதாக மேசையில் இருந்த உங்கள் கோர் ஐ3தான் இன்றைய பழைய கணினி. அதற்கு லுபுண்டு தாராளமாகப் போதும்.

கைவிட்டுவிடுவார்களா என்ற பயம் நியாயமானது. இத்தகைய தளங்களை நடத்துபவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். கிரஞ்ச்பேங் என்றொரு மெலிந்த லினக்ஸ் இருந்தது. அதைத் தனியாகச் செய்துவந்தவர் 2015இல் நிறுத்திக்கொண்டார். விரும்பியவர்கள் வேறு பெயரில் தொடர்ந்தார்கள். பப்பி லினக்ஸை 2003இல் தொடங்கிய பாரி கௌலர் அதைப் பிறர் கையில் கொடுத்துவிட்டார். அது இன்னும் ஓடுகிறது. எனவே தளத்தின் பெயரைக் காட்டிலும் அது எதன் தோளில் நிற்கிறது என்பதைப் பாருங்கள். லுபுண்டு நிற்பது உபுண்டுவின் தோளில். நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது, ஒவ்வொன்றையும் மூன்று ஆண்டு பராமரிக்கிறார்கள். 2024 ஏப்ரலில் வந்த 24.04க்கு 2027 ஏப்ரல் வரை கணக்கு. ஒன்று முடியுமுன் அடுத்தது கைக்கு வந்துவிடும்.

ஆனால் எடை குறைந்த தளம் போட்டுவிட்டால் எல்லாம் பறக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கணினியைத் திணறடிப்பது பெரும்பாலும் உலாவிதான். காணொளி ஒன்று, வினாத்தாள் தளம் ஒன்று, மின்னஞ்சல் ஒன்று என்று மூன்று தாவல்கள் திறந்தாலே இயங்குதளத்தைவிடப் பல மடங்கு நினைவகத்தை அது விழுங்கிவிடும். நினைவகம் போதாதபோது கணினி மெதுவான வன்தட்டை நாடும். ஆகவே செலவழிக்க இருக்கும் பணத்தில் முதலில் ஓர் எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாத வேகமான சேமிப்பகம்) வாங்குங்கள். உங்கள் மடிக்கணினியின் வன்தட்டு இருக்கும் இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி அப்படியே உட்காரும். மிச்சம் இருந்தால் இன்னொரு 4 ஜிபி நினைவகம்.

திறக்கும்போது விசிறியையும் பார்க்கச் சொல்லுங்கள். கடற்காற்று படும் வீடுகளிலிருந்து வரும் மடிக்கணினிகளில் திருகாணிகளின் தலையில் துரு பூத்திருக்கும். விசிறிக்கும் செப்புக் குழாய்க்கும் இடையில் தூசி ஈரத்தோடு சேர்ந்து கம்பளித் துண்டுபோல அப்பியிருக்கும். அதைச் சுத்தம் செய்து, நினைவக அட்டையின் பொன்னிற விளிம்பை அழிறப்பரால் மெல்லத் தேய்த்துப் போட்ட பிறகு, கழிக்கவேண்டும் என்று கொண்டுவந்த கணினியைத் திருப்பி எடுத்துப் போனவர்கள் உண்டு.

நிறுவுவதற்கு முன் லுபுண்டுவைப் பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டுப் பாருங்கள். வன்தட்டில் எதுவும் மாறாது. வைஃபை, ஒலி, அச்சுப்பொறி மூன்றையும் அப்போதே சோதியுங்கள். சில பழைய மடிக்கணினிகளில் உள்ள பிராட்கொம் நிறுவன வைஃபை சில்லு எடுத்தவுடன் வேலைசெய்யாது. கைப்பேசியை யுஎஸ்பி வடத்தில் இணைத்து அதன் இணையத்தைக் கொடுத்தால் உரிய இயக்கியை (டிரைவர்) இறக்கிக்கொள்ளலாம். எச்பி அச்சுப்பொறிகள் பெரும்பாலும் சொன்னபடி கேட்கும். கெனன் எல்பிபி வகையில் சில முரண்டுபிடிக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் வினாத்தாள் அடிப்பவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்வது: பாமினி. உங்கள் பழைய வினாத்தாள்கள் பாமினி எழுத்துருவில் இருந்தால், புதிய தளத்தில் திறந்ததும் ஆங்கில எழுத்துகளாகச் சிதறித் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். விண்டோஸை அழிக்குமுன் அதன் எழுத்துருக் கோப்புறையிலிருந்து பாமினியைப் பென் டிரைவில் எடுத்து வைத்து, லுபுண்டுவின் எழுத்துருக் கோப்புறையில் போட்டுவிட்டால் லிப்ரே ஒபிஸ் என்ற ஆவண மென்பொருள் பழையபடி காட்டும். பழைய விசைகளிலேயே தட்டச்சும் செய்யலாம். யுனிகோடில் அடிக்க தமிழ்99 விசைப்பலகை கூடவே கிடைக்கிறது. பாமினியில் பழகிய விரல்கள் சில வாரம் முணுமுணுக்கும்.

இனி அந்தப் பென்டியம் 4. பிற்காலத்தில் வந்த சிலவற்றைத் தவிர அவை 32 பிட். உலகம் அந்தக் கதவை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வருகிறது. லினக்ஸுக்கான 32 பிட் குரோம் 2016இலேயே நின்றது. 2025 ஓகஸ்டில் வந்த, டெபியன் என்ற லினக்ஸின் 13ஆம் பதிப்பில் 32 பிட் கணினிக்கான நிறுவியே இல்லை. ஃபயர்பொக்ஸும் 145ஆம் பதிப்போடு 32 பிட் லினக்ஸை விட்டுவிட்டது. டெபியன் 12ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23 என்ற மெலிந்த லினக்ஸ் அந்த இயந்திரத்தில் ஓடும், 1 ஜிபியில் நன்றாகவே ஓடும். ஆனால் இணையத்துக்கு அதை நம்பாதீர்கள். இணையமில்லாமல் தட்டச்சுக்கும் அச்சுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அதற்கும் முதலில் தாய்ப்பலகையில் இருக்கும் சிஆர்2032 என்ற நாணயம்போன்ற பேட்டரியை மாற்றுங்கள். அது செத்திருந்தால் மின்சாரம் போய்வரும் ஒவ்வொரு தடவையும் திகதி பல ஆண்டு பின்னுக்குப் போய்விடும். நேற்று அடித்த வினாத்தாள் கோப்புப் பட்டியலின் அடியில் எங்கோ கிடக்கும்.