பால்கனியும் படுக்கையறையும்

மதிப்பிற்குரிய அம்மா,

இலக்கியத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு கேள்வி. பிரதான சாலையை ஒட்டிய வாடகை வீட்டில் ஆறாண்டுகள் இருந்ததாக ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அந்தத் துணிச்சலில் கேட்கிறேன்.

ஒரு வீடு பார்த்திருக்கிறோம். நான்கு வழிச் சாலையை ஒட்டிய தனி வீடு. சாலை விளிம்புக்கும் வீட்டுச் சுவருக்கும் இடையே எட்டு மீட்டர் இருந்தால் அதிகம். உள்தெருவில் இதே அளவு வீட்டுக்குச் சொல்லும் விலையில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பெரிய பால்கனி. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போய்ப் பார்த்துவிட்டோம். எனக்குப் பிடித்துவிட்டது. மனைவி தயங்குகிறாள். சத்தமும் புகையும் குழந்தைக்கு ஆகாது என்கிறாள். நான்கு வயது மகளுக்கு அவ்வப்போது இளைப்பு வரும். என் அம்மாவுக்கோ அந்தப் பால்கனியில் உட்கார்ந்து சாலையை வேடிக்கை பார்க்க ஆசை. நாலு பேர் நடமாட்டம் இருக்கும் இடம்தான் பாதுகாப்பு என்கிறார்.

ஒரு மாதத்தில் பழகிவிடும் என்று நினைக்கிறேன். பத்தாண்டுகளில் எல்லாம் மின்சார வண்டிகளாகிவிட்டால் சத்தமும் இருக்காது, புகையும் இருக்காது. அதுவரை ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டு, முன்னால் வரிசையாக மரம் வைத்துவிடலாம். நான் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் இரவு எட்டுக்குத்தான் திரும்புவேன். அதன் பிறகு பால்கனியில் ஒரு நாற்காலி போதும் எனக்கு.

அனுபவப்பட்டவர் நீங்கள். வாங்கலாமா?

க.

அன்புள்ள க.,

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போய்ப் பார்த்தீர்களா! சாலையோர வீட்டைக் காட்ட எந்தத் தரகரும் திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு அழைப்பதில்லை. நீங்கள் இதுவரை பார்த்திருப்பது அந்தச் சாலையின் விடுமுறை முகத்தை.

உங்கள் கடிதத்தில் ‘பழகிவிடும்’ என்ற சொல்லில்தான் நின்றுவிட்டேன். ஆமாம், பழகிவிடும். எனக்கும் பழகியது. முதல் வாரம் தூக்கமில்லை. இரண்டாம் மாதம் வெளியே சாலை இருப்பதே மறந்துவிட்டது. சில நாட்கள் தங்கிப்போக வந்த என் தங்கைதான் ஒருநாள் இரவு எல்லாரும் பேசிக்கொண்டிருந்தபோது சிரித்தாள். “ஏன் அக்கா, இந்த வீட்டில் எல்லாரும் பாதி வாக்கியத்தில் நின்று நின்று பேசுகிறீர்கள்?” என்றாள். லாரி வரும்போது வாயை மூடுவதும், அது கடந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வதுமாக நானும் கணவரும் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். எங்களுக்கே தெரியவில்லை. வீடு மாறிய பிறகும் சில மாதங்கள் அது போகவில்லை. அமைதியான தெருவில் உட்கார்ந்துகொண்டு வராத லாரிக்காகப் பேச்சை நிறுத்திக் காத்திருப்போம். அந்த ஆறாண்டுகளில் நான் எழுதிய கதைகளில் வாக்கியங்கள் குட்டை குட்டையாக இருக்கும். ஒரு விமர்சகர் அதைச் செறிவான நடை என்று பாராட்டினார். நான் மறுக்கவில்லை.

மனம் பழகிக்கொள்ளும் அளவுக்கு உடல் பழகுவதில்லை. ‘இரவில் எனக்கு ஒன்றும் கேட்பதில்லை’ என்று சொல்பவருக்கும், கனரக வண்டி கடக்கும்போது தூக்கத்திலேயே இதயத் துடிப்பு ஏறி இறங்குவதை ஆய்வுக்கூடங்களில் பதிவுசெய்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, இரவில் வீட்டுக்கு வெளியே சாலைச் சத்தத்தின் சராசரி 45 டெசிபலைத் தாண்டக் கூடாது. நான்கு வழிச் சாலையிலிருந்து எட்டு மீட்டரில் அது நடக்கிற காரியமல்ல.

குழந்தையைப் பற்றி இன்னொன்று. நியூயார்க்கில் நெடுஞ்சாலைக்கு மேலேயே எழுப்பிய உயரமான குடியிருப்புகள் உண்டு. அங்கே வளர்ந்த பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து ஷெல்டன் கோஹன், டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் மூவரும் 1973இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சத்தம் மிகுந்த கீழ்த்தளங்களில் நான்கு ஆண்டுகளோ அதற்கு மேலோ வசித்த பிள்ளைகள், ஏறக்குறைய ஒன்றுபோல் ஒலிக்கும் சொற்களைப் பிரித்தறியத் தடுமாறினார்கள், வாசிப்பிலும் பின்தங்கினார்கள். சத்தத்தை ஒதுக்கப் பழகிய கவனம், அதோடு சேர்த்துப் பேச்சொலியையும் ஒதுக்கிவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். உங்கள் மகள் இப்போதுதான் சொற்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். கலை, களை, கழை என்று மூன்றை வேறு நம் மொழி வைத்திருக்கிறது. (பெரியவர்களே பிரித்துச் சொல்வதில்லை என்பது தனிக்கதை.) ஆக, அந்தப் பிள்ளைகளும் பழகிக்கொண்டவர்கள்தாம். பழகியதுதான் அங்கே கோளாறு.

மின்சார வண்டி உங்களைக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். மெதுவாக ஊரும் நெரிசலிலும் சிக்னலில் நிற்கும்போதும் அது அமைதியானது, உண்மை. ஆனால் கார் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டினால் நம் காதில் விழுவதில் பெரும்பகுதி எஞ்சின் சத்தமல்ல, டயர் தார்ச்சாலையில் உரசும் சத்தம். மின்சாரக் காருக்கும் டயர் உண்டு. டயரும் சாலையும் தேய்ந்து பறக்கும் தூசியும் அப்படியேதான் இருக்கும். வண்டிகள் குறைந்தாலாவது சத்தம் குறையுமா என்றால், டெசிபல் கணக்கு நம் கூட்டல் கழித்தலுக்கு அடங்காது. சாலையில் ஓடும் வண்டிகள் சரிபாதியாகக் குறைந்தாலும் இறங்குவது 3 டெசிபல். பெரும்பாலானோர் காதுக்கு அது தெரிந்தும் தெரியாமலும்தான் இருக்கும்.

மரம் வையுங்கள், நிழலுக்கும் கண்ணுக்கும் நல்லது. ஒற்றை வரிசை மரம் சத்தத்தைத் தடுக்காது. இடைவெளியில்லாத கனமான மதில் ஓரளவு தடுக்கும், அதுவும் சாலையை உங்கள் கண்ணிலிருந்து மறைக்கும் உயரம் இருந்தால். பால்கனி மதிலுக்கு மேலேதானே இருக்கும்.

இரட்டைக் கண்ணாடி நல்ல யோசனைதான். இரண்டு கண்ணாடிகளும் வெவ்வேறு தடிமனில் இருக்க வேண்டும், நடுவில் இடைவெளி தாராளமாக இருக்க வேண்டும், சட்டத்தைச் சுற்றி ஒரு கீற்று வெளிச்சம்கூடத் தெரியக் கூடாது. லாரியின் அடித்தொண்டை உறுமல் அப்போதும் கொஞ்சம் உள்ளே வரும். அதைவிட முக்கியமாக, மூடிய ஜன்னல்தான் கண்ணாடி ஜன்னல். காற்றுக்காக ஒரு கை அகலம் திறந்தீர்களானால் போட்ட செலவு அந்த இடைவெளி வழியாக வெளியே போய்விடும். அந்த வீட்டில் குடியிருப்பது என்றால் ஆண்டு முழுவதும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு குடியிருப்பது. இதற்கு உங்கள் வீட்டார் சம்மதமா என்று கேட்டுவிட்டுக் கண்ணாடிக்குச் சொல்லுங்கள்.

இனி உங்கள் அம்மா. அவர் ஆசை எனக்குப் புரிகிறது. முதுமையில் சன்னமான தனிமையைவிடக் கொஞ்சம் இரைச்சல் மேல் என்று பலருக்குத் தோன்றும். ஆனால் அவர் கேட்பது மனிதர் நடமாட்டம். அந்தச் சாலையில் இருப்பது வண்டி ஓட்டம். டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகர வடிவமைப்புப் பேராசிரியர் 1960களின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் நாளுக்குச் சுமார் 2,000 வண்டிகள், இன்னொன்றில் 8,000, மற்றொன்றில் 16,000. வண்டி குறைந்த தெருக்காரருக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். வண்டி மிகுந்த தெருக்காரருக்கு ஒருவர்கூட இல்லை; கணக்கு 0.9. ‘உங்கள் இடம் எதுவரை?’ என்று கேட்டு வரையச் சொன்னபோது, முதல் தெருக்காரர்கள் தெரு முழுவதையும் தங்களுடையதாக வரைந்தார்கள். கடைசித் தெருக்காரர்கள் தங்கள் கட்டடத்தின் சுவரோடு நின்றுவிட்டார்கள். அந்த ஆப்பிள்யார்ட் 1982இல் ஏதென்ஸ் நகரில் வேகமாக வந்த கார் மோதி இறந்துபோனார். அதைப் படித்த அன்று எனக்கு வேறெதுவும் படிக்கப் பிடிக்கவில்லை.

எங்கள் வீட்டுப் பால்கனியிலும் நாற்காலி கிடந்தது. ஆறாண்டுகளில் எதிர்ச்சாரியில் இருந்தவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. சாலையைக் கடந்து போய் யார் கேட்பது? நாற்காலியைத் தினமும் துடைப்பேன். துணி கறுப்பாகும். அவ்வளவுதான் அந்தப் பால்கனிக்கும் எனக்கும் இருந்த உறவு.

அந்தக் கறுப்பு உங்கள் மகளின் மூச்சில் போவதைப் பற்றி உங்கள் மனைவி சொல்வது சரி. சாலைப் புகை குழந்தைகளின் ஆஸ்துமாவை மோசமாக்கும் என்பதில் இன்று ஐயமில்லை. ஆறுதலான செய்தி, மிக நுண்ணிய துகள்கள் சாலையை விட்டு விலக விலக வேகமாகக் குறைகின்றன. ஏறத்தாழ 300 மீட்டரில் பெருநெடுஞ்சாலையின் துகள்கள்கூட ஊரின் பொதுக்காற்றோடு கலந்துவிடும். காற்றசைவு இல்லாத விடியற்காலையில் மட்டும் இன்னும் தொலைவு போகும். கலிபோர்னியாவில் பெருநெடுஞ்சாலையிலிருந்து 500 அடிக்குள், அதாவது சுமார் 150 மீட்டருக்குள், புதிய பள்ளிக்கூடம் அமைப்பதை 2003இல் சட்டம் போட்டே கட்டுப்படுத்தினார்கள். பள்ளியில் பிள்ளை இருப்பது பகலில் சில மணி நேரம்தான். ஆகவே உள்தெருவில் நாலைந்து வீடு தள்ளிப் போவதற்கும் பொருள் உண்டு. நடுவில் நெருக்கமாக நிற்கும் கட்டட வரிசை, நீங்கள் ஜன்னலைத் திறந்து வைத்தாலும் சத்தத்தையும் கணிசமாகத் தடுக்கும்.

ஒன்றைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். நீங்கள் எட்டுக்குப் போய் எட்டுக்கு வருகிறவர். பகல் முழுவதும் அந்த வீட்டில் இருக்கப்போவது உங்கள் அம்மா, குழந்தை, அநேகமாக மனைவி. பழகிவிடும் என்று சொல்பவர் வீட்டில் இல்லாதவர். என் கணவரும் இதையேதான் சொன்னார், காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே.

அதற்காகச் சாலையோர வீட்டில் யாருமே இருக்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பஸ் வாசலில் நிற்கும், நள்ளிரவில் அவசரம் என்றால் உடனே வண்டி கிடைக்கும், கீழ்த்தளத்தைக் கடைக்கு விடலாம். குழந்தையில்லாத, வேலைக்குப் போய்வருகிற இருவர் கேட்டிருந்தால் வேறு மாதிரி பதில் எழுதியிருப்பேன். விலைக் குறைவைப் பொறுத்தவரை, அது உங்களுக்குக் கிடைக்கும் லாபமல்ல. நீங்கள் விற்கும் அன்று வாங்குபவரும் அதே காரணத்தைக் காட்டி அதே பங்கைக் குறைப்பார்.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் அங்கேயே நின்றால், வேலைநாளில் நான்கு முறை போங்கள். விடியற்காலை ஐந்து மணி, பள்ளி நேரம், இரவு பதினொன்று, பிறகு மழை பெய்யும் ஒரு நாள். ஈரச்சாலையில் டயர் சத்தம் எவ்வளவு கூடும் என்பது உங்களுக்கே வியப்பாக இருக்கும். போய்ப் பேசாதீர்கள், உள்ளே ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள். அருகில் வேகத்தடையோ சிக்னலோ ஏற்றமோ இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு வண்டியும் அங்கேதான் பிரேக் அடிக்கும், அங்கேதான் கியர் மாற்றி உறுமும். சாலை மட்டத்துக்கும் வாசற்படிக்கும் எவ்வளவு உயரம் என்று அளந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு முறை புதிதாகத் தார் போடும்போதும் சாலை ஏறும், வீடு ஏறாது; மழைநீருக்கு அது தெரியும். சாலையை விரிவாக்கும் திட்டம் இருக்கிறதா என்பதைத் தரகரிடம் கேட்காமல் நகரத் திட்ட அலுவலகத்தின் வரைபடத்தில் பாருங்கள். அந்த எட்டு மீட்டர் என்றைக்கும் எட்டாகவே இருக்கும் என்பதற்கு யாரும் பத்திரம் எழுதித் தரமாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் ‘சத்தமாக இருக்குமா?’ என்று கேட்காதீர்கள். இல்லை என்றுதான் சொல்வார், அவருக்குப் பழகியிருக்கும். ‘எந்த அறையில் தூங்குகிறீர்கள்?’ என்று கேளுங்கள்.

நான் வாங்கமாட்டேன். ஒரே ஒரு நிலையில் யோசிப்பேன். படுக்கையறைகள் எல்லாம் வீட்டின் பின்பக்கம் இருந்து, மாடிப்படியும் குளியலறையும் சமையலறையும் சாலைப் பக்கம் இருந்தால், வீடே ஒரு மதிலாக நின்று தூங்குபவர்களைக் காக்கும். குழந்தையின் இளைப்புக்கு அதுவும் போதாது என்பதால் மருத்துவரிடமும் ஒரு சொல் கேட்டுக்கொள்வேன்.

உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். பால்கனி மூன்று முறை வருகிறது. குழந்தை தூங்கப்போகும் அறை எந்தப் பக்கம் என்று எங்கும் இல்லை. பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்.