தாடையில் முடி, கையில் பேக்கேஜ் ரசீது: வாசகியர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் மகளுக்கு 22 வயது. ஓராண்டாகத் தாடையிலும் மேலுதட்டிலும் கறுத்த முடி வளர்கிறது. மாதம் இரண்டு முறை பார்லரில் த்ரெட்டிங் செய்தும் தீரவில்லை. ஓசூரில் உள்ள ஒரு லேசர் மையத்தில், எட்டு சிட்டிங்கில் நிரந்தரமாகப் போய்விடும், முழுத் தொகையையும் இன்றே கட்டினால் பாதி விலை, பணம் இல்லையென்றால் தவணைக்கு ஏற்பாடு செய்கிறோம் என்கிறார்கள். தை மாதம் திருமணம் வைத்திருக்கிறோம். கட்டலாமா? (ஒரு தாய், பாலக்கோடு)

பதில்: இப்போது கட்ட வேண்டாம், அம்மா. விலையைப் பேசுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இளம் வயதில் ஓராண்டுக்குள் தாடையில் தடித்த முடி வருகிறதென்றால், பெரும்பாலும் அதற்குக் காரணம் ஹார்மோன் மாற்றம்தான். இப்படி வருகிறவர்களில் பெரும்பாலோருக்குச் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருப்பது பரிசோதனையில் தெரியவருகிறது. மகளுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகிறதா, எடை கூடியிருக்கிறதா, முகப்பரு அதிகமாகியிருக்கிறதா, முன்னந்தலையில் முடி உதிர்கிறதா என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேறு தோல் மருத்துவரிடமோ மகப்பேறு மருத்துவரிடமோ காட்டுங்கள். தேவைப்பட்டால் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு அளவுகளையும், ஸ்கேனும் பார்ப்பார்கள். சில மாதங்களிலேயே வேகமாக முடி பரவி, குரலும் தடித்திருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

இதை நான் முதலில் சொல்வதற்கு உங்கள் பணமும் ஒரு காரணம். ஹார்மோன் சீராகாத நிலையில் லேசர் செய்தால், கருகிய வேருக்குப் பக்கத்தில் இருக்கும் பூனைமுடி அடுத்த சில மாதங்களில் தடித்த முடியாக மாறும். மையத்தில் இரண்டாவது பேக்கேஜை எடுக்கச் சொல்வார்கள். மருந்து சாப்பிட்டாலும் முடியில் மாற்றம் தெரிய ஆறு மாதம் வரை ஆகும் என்பதால், பொறுமை வேண்டும்.

லேசர் வேலை செய்யும் விதத்தை அறிந்துகொண்டால், பேச்சில் ஏமாற மாட்டீர்கள். முடியில் உள்ள கறுப்பு நிறமி ஒளியை உறிஞ்சிச் சூடாகி வேரைச் சேதப்படுத்துகிறது. வளரும் பருவத்தில் உள்ள முடி மட்டுமே அதில் அகப்படும் என்பதால்தான் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு முதல் எட்டு சிட்டிங் வரை தேவைப்படுகிறது. அதன் பிறகும் முடி வெகுவாகக் குறையுமே தவிர அறவே நின்றுவிடாது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் லேசர் கருவிகளுக்கு முடியைக் குறைப்பதாகச் சொல்லிக்கொள்ளத்தான் அனுமதி தருகிறது. நிரந்தரமாகவே நீக்குவது ஒவ்வொரு வேராக மெல்லிய ஊசி நுழைத்து மின்சாரம் பாய்ச்சிச் செய்யும் எலக்ட்ராலிசிஸ் மட்டும்தான். அதற்கு நேரம் அதிகம். நம் மாநிறத் தோலிலும் கறுப்பு நிறமி இருப்பதால், பொருத்தமில்லாத கருவி தோலையே சுட்டுவிடும். 1064 நானோமீட்டர் ஒளி அலைநீளமுடைய என்.டி. யாக் லேசர் கருவியோ, குளிரூட்டும் வசதியுடைய 810 நானோமீட்டர் அலைநீள டையோடு லேசர் கருவியோ உள்ளதா, இயக்குபவர் யார், மேற்பார்வையிடும் தோல் மருத்துவர் யார், முதலில் சிறு இடத்தில் சோதித்துப் பார்ப்பார்களா என்று கேளுங்கள். நேரான பதில் வராத இடத்தில் பாதி விலை என்றாலும் வேண்டாம். கட்டுவதானால் ஒவ்வொரு சிட்டிங்குக்கும் தனித்தனியாகக் கட்டுங்கள். தவணை என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் வேறொரு நிதி நிறுவனத்தின் கடன். சிகிச்சை பாதியில் நின்றாலும் மாதத் தவணை நிற்காது.

தை மாதத்துக்கு த்ரெட்டிங் போதும். முகூர்த்தத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பு செய்துகொள்ளலாம். இதுவரை பயன்படுத்தாத பிளீச்சையோ கிரீமையோ அந்த வாரத்தில் முகத்தில் தொடக் கூடாது.

கேள்வி: முகத்தில் ரேசர் வைத்தால் ஆண்களைப் போல அடர்த்தியாக வளரும் என்று மாமியார் தடுக்கிறார். உண்மையா? (வாசகி, காவேரிப்பட்டினம்)

பதில்: உண்மையில்லை. மில்ட்ரெட் டிராட்டர் என்ற உடற்கூறியல் ஆய்வாளர் 1928-லேயே அளந்து பார்த்து, மழிப்பதால் முடியின் தடிமனோ வேகமோ கூடுவதில்லை என்று காட்டினார். கூர்மையான நுனி வெட்டுப்பட்டு மழுங்கிவிடுவதால் தொட்டால் சொரசொரவென்று இருக்கிறது, அவ்வளவுதான். முகத்துக்கான சிறு ரேசரை ஈரத்தோலில், ஜெல் தடவி, முடி சாயும் திசையில் இழுங்கள். வீட்டில் வேறு யாருடைய ரேசரையும் பகிர்ந்துகொள்ளாதீர்கள்.

கேள்வி: தோழி சொன்னாள் என்று கடையில் பில் இல்லாமல் வாங்கிய ஒரு சிவப்பழகு கிரீமை எட்டு மாதமாகப் பூசுகிறேன். நிறம் கூடியது, இப்போது கன்னமெல்லாம் மெல்லிய முடி, வெயில் பட்டால் எரிச்சல். வீட்டிலேயே ஒளி பாய்ச்சி முடி எடுக்கும் ஐ.பி.எல். கருவி ஆன்லைனில் வாங்கலாமா? (வாசகி, அரூர்)

பதில்: கருவியை விடுங்கள், சகோதரி. அந்த ட்யூபைத் திருப்பி, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதை வாசியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால், நீங்கள் பூசியது ஸ்டீராய்டு மருந்து. அது முதலில் முகத்தை வெளுக்கச் செய்யும். பின்னர் தோலை மெலியவைத்து, சிவந்த இரத்தக் குழாய்களையும் பருக்களையும் முடியையும் கொண்டுவரும். இத்தகைய 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-இல் அட்டவணை எச்-இன் கீழ் கொண்டுவந்தது. தயாரிப்பாளர் முகவரி, உட்பொருட்கள், பேட்ச் எண் எதுவுமே இல்லாத டப்பா என்றால் நிலைமை இன்னும் மோசம். பாதரசம் கலந்த வெளுப்புக் கிரீம்களும் சந்தையில் பிடிபட்டிருக்கின்றன.

கிரீமை நிறுத்தியதும் முகம் சிவந்து எரியும். அதைக் கண்டு பயந்து பலரும் மறுபடியும் அதையே பூசிக்கொள்கிறார்கள், அங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். ஆகவே தோல் மருத்துவரின் துணையோடு நிறுத்துங்கள். ஸ்டீராய்டால் வந்த முடி, அதை நிறுத்திய சில மாதங்களில் பெரும்பாலும் தானே குறையும். ட்யூபைத் தூக்கி எறியாமல், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மருந்து ஆய்வாளரிடம் புகாருடன் கொடுங்கள். அடுத்த பெண்ணாவது தப்பிப்பாள்.

ஐ.பி.எல். கருவி மெல்லிய, நிறம் குறைந்த முடியில் வேலை செய்யாது. கறுத்த தோலுக்கு அதன் பெட்டியிலேயே தடை அச்சிட்டிருக்கும். முகத்தில் இதைப் பயன்படுத்திய சில பெண்களுக்கு முடி அதிகமாக வளர்ந்ததும் உண்டு.

கேள்வி: பெங்களூருவில் ஒரு மையத்தில் ஆறு சிட்டிங்குக்கு முழுப் பணமும் கட்டினேன். மூன்றாவது சிட்டிங்கில் தாடை கொப்பளித்து, கறுப்புத் தழும்பாகிவிட்டது. மீதிப் பணத்தைக் கேட்டால், நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தைப் பாருங்கள் என்கிறார்கள். வழக்குப் போட பெங்களூருக்கு அலைய முடியுமா? (வாசகி, ஓசூர்)

பதில்: அலைய வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். எல்லையோர மாவட்டத்தில் வாழும் நமக்கு இது பெரிய உரிமை. பலருக்கு இது தெரிவதில்லை. கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

நீங்கள் போட்ட கையெழுத்து, சிகிச்சையில் உள்ள இயல்பான அபாயங்களை அறிந்து சம்மதித்ததற்குத்தானே தவிர, அவர்களுடைய கவனக்குறைவுக்குச் சம்மதம் அல்ல. கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்பதை உச்ச நீதிமன்றம் 1995-இலேயே தீர்த்துவைத்துவிட்டது.

இன்றே செய்ய வேண்டியவை சில உண்டு. தழும்பை நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். வாராவாரம் அதே இடத்திலிருந்து எடுத்துவாருங்கள். வேறொரு தோல் மருத்துவரிடம் காட்டி, தீக்காயத்தால் வந்த கறுமை என்று அவர் கருதினால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது, விளம்பரத்தின் படம், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். ரசீதில் பேக்கேஜ் என்றும் தொகையும் மட்டும் எழுதியிருந்தால், எந்தக் கருவி, எந்த அளவில், யார் இயக்கினார் என்ற சிகிச்சைக் குறிப்பைக் கேட்டு, ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி கடிதம் அனுப்புங்கள். கொடுக்க மறுத்தால் அந்த மறுப்பும் உங்களுக்குச் சான்றுதான். 15 நாள் அவகாசம் கொடுத்து, மீதமுள்ள சிட்டிங்குக்கான பணம், தழும்புக்கான சிகிச்சைச் செலவு, மன உளைச்சலுக்கான இழப்பீடு என்று தனித்தனியாகக் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தால், சில நிறுவனங்கள் வழக்குக்கு முன்பே இறங்கிவருகின்றன. இறங்கிவரவில்லையென்றால், ஈ-ஜாக்ரிதி இணையத்தளம் வழியாக வீட்டிலிருந்தே மனுவைத் தாக்கல் செய்யலாம். தழும்பு மங்கும் வரை வெயிலில் போகும்போது சன்ஸ்கிரீன் தடவிக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் வேறு எந்த லேசரையும் யார் சொன்னாலும் இப்போது அனுமதிக்காதீர்கள்.