சிவப்பு வௌவால் சொல்லும் சேதி

கேள்வி: சீனாவுக்குப் போய் வந்த உறவினர் நான்ஜிங் பட்டுத் துண்டு ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். விரித்தால் சிவப்பு வௌவால்கள், அதுவும் தலைகீழாக! மங்கலப் பட்டில் வௌவாலா? கையால் நெய்தது என்று கொள்ளை விலை வேறு. கம்ப்யூட்டர் தறி வந்தபின் இது வீண்வேலை அல்லவா? (வாசகர், ஈரோடு)

பதில்: அந்த வௌவாலைக் காதால் பார்க்க வேண்டும், ஐயா. சீன மொழியில் வௌவாலின் பெயர் 'ஃபூ' என்று முடிகிறது. நற்பேறுக்கும் அதே ஒலிதான். சிவப்பு 'ஹோங்', பெருகியது என்பதும் 'ஹோங்'. ஆகச் சிவப்பு வௌவால் என்றால் பெரும்பேறு. தலைகீழாகத் தொங்குவதாவது சும்மாவா? கவிழ்ந்தது என்பதற்கும் வந்து சேர்ந்தது என்பதற்கும் 'தாவ்' என்றே ஒலி. பெரும்பேறு உங்கள் வீடு தேடி வந்துவிட்டது. நீங்களோ முகத்தைச் சுளிக்கிறீர்கள்!

வௌவால்களை எண்ணிப் பார்த்தீர்களா? ஐந்து இருந்தால் ஐம்பேறு: நீண்ட ஆயுள், செல்வம், உடல்நலம், நற்குண நாட்டம், ஐந்தாவதாக நல்ல சாவு. நம் வீட்டுக் கிழவிகள் "படுக்கையில் கிடக்காமல் போய்ச் சேர வேண்டும்" என்று வேண்டிக்கொள்வார்களே, அதைத்தான் அவர்கள் பட்டில் நெய்து வைத்தார்கள். மீன் என்றால் மிச்சம், பூச்சாடி என்றால் அமைதி. அவையும் ஒலிச் சிலேடைகளே. ஐந்து நகம் கொண்ட டிராகன் மட்டும் சிலேடை அல்ல, அதிகாரம். அது பேரரசருக்கு உரியது.

இனி வீண்வேலைக்கு வருவோம். நீளவாட்டில் ஓடும் பாவையும் குறுக்கே ஓடும் ஊடையையும் ஈரோட்டுக்காரருக்கு நான் சொல்லித் தருவதா? விசைத்தறியில் ஊடை கரைக்குக் கரை ஓடும். நான்ஜிங்கின் 'யுன்ஜின்', அதாவது மேகப் பட்டில், பூவேலை ஊடை அந்தப் பூவின் அகலம் வரை போய்த் திரும்பிவிடும். அதனால் ஒரே வரிசையில் பத்துப் பூ இருந்தால் பத்துக்கும் பத்து நிறம் கொடுக்கலாம். தறிக்கு இரண்டு ஆள். மேலே உட்கார்ந்தவர் கயிறுகளை இழுத்து, வேண்டிய பாவு இழைகளை மட்டும் தூக்கிக் கொடுப்பார். கீழே இருப்பவர் பட்டும் தங்க ஜரிகையும் மயிலிறகு நூலும் கோப்பார். எந்த வேலைக்குப் பின் எது என்பதைப் பாட்டாகவே மனப்பாடம் செய்திருப்பார்கள். நாள் முழுக்க உழைத்தால் 5 முதல் 6 சென்டிமீட்டர். ஐந்தரை மீட்டர் சேலை அளவுக்கு நெய்ய 100 நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2009இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது இந்தக் கைத்திறனைத்தான்.

பெய்ஜிங் அருகே மிங் வம்சத்து வான்லி பேரரசரின் கல்லறையை 1956 முதல் 1958 வரை தோண்டினார்கள். உள்ளே குவிந்திருந்த பட்டில் பெரும்பகுதி வெளிக்காற்று பட்டதும் நிறம் செத்து, முறுகிப் போயிற்று. பின்னாளில் அவருடைய மயிலிறகு அங்கியைப் பார்த்து இன்னொன்று நெய்ய நான்ஜிங் நெசவாளர்கள் முனைந்தபோது, கைகொடுத்தது இந்த இரண்டு ஆள் தறிதான்.

அதற்காகக் கடைக்காரர் சொன்ன விலையை நான் நியாயப்படுத்துவதாக நினைக்காதீர்கள். துண்டைத் திருப்பிப் பாருங்கள். வௌவாலின் சிவப்பு நூல் வௌவாலோடு நின்று திரும்பியிருந்தால் கைவேலையாக இருக்கலாம். வௌவாலே இல்லாத இடத்திலும் அது கரைக்குக் கரை ஓடியிருந்தால், விலையைப் பற்றி உறவினரிடம் வாயைத் திறக்காதீர்கள்.