பி.எஸ்ஸி. உயிரித்தொழில்நுட்பம் முடித்தாயிற்று: எம்.எஸ்ஸி.யா, மெடிக்கல் கோடிங்கா?

கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: சென்னையில் பி.எஸ்ஸி. உயிரித்தொழில்நுட்பம் முடித்து ஓராண்டு ஆகிறது, வீட்டில் எம்.எஸ்ஸி. சேரச் சொல்கிறார்கள், உடன் படித்தவர்களில் பாதிப் பேர் மெடிக்கல் கோடிங்கிற்கு (மருத்துவக் குறிப்புகளைப் படித்துக் குறியீடு இடும் வேலைக்கு) போய்விட்டார்கள், ஆய்வகம் தனக்கு ஒத்துவருமா என்பதே தெரியவில்லை, எந்தப் பக்கம் போவது?

நான் 2012-இல் விலங்கியல் பட்டம் முடித்தவள். மூன்று ஆண்டுகளுக்கும் மேல் மெடிக்கல் கோடிங்கில் இருந்தேன்; இப்போது சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில், புதிய மருந்துகளை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வுகளின் ஒருங்கிணைப்பாளராக வேலை செய்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஆண்டு எம்.எஸ்ஸி.யில் சேராதீர்கள். என்றைக்குமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆய்வகம் ஒத்துவருமா என்று தெரியாமல், வீட்டில் சும்மா இருக்கக்கூடாது என்பதற்காக மட்டும் சேர்ந்தால், இரண்டு ஆண்டுகள் கழித்து இதே கேள்வியை இன்னும் அதிகக் கவலையோடு கேட்க வேண்டிவரும். முதலில் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஆறேழு மாதங்களை ஒதுக்குங்கள்.

என் வகுப்பில் இருந்த பலரைப் போல நானும் மருத்துவ இடம் கிடைக்காமல் உயிரியலுக்கு வந்தவள். அது நீட் தேர்வுக்கு முந்தைய காலம். பிளஸ் டூ மதிப்பெண்ணை 200-க்குக் கணக்கிட்டு வரும் கட்-ஆஃப்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. அது கைநழுவிய பிறகு எடுத்த படிப்பு என்பதால், அந்தப் படிப்புக்குள் எந்த வேலை எனக்குப் பிடிக்கிறது என்பதை மூன்று ஆண்டுகளும் நான் கவனிக்கவே இல்லை. கவனித்திருந்தால் விடை அப்போதே கிடைத்திருக்கும். உடலியல் செய்முறை வகுப்பில் ரத்தப் பூச்சு எடுத்து, லீஷ்மன் சாயமேற்றி, வெள்ளணுக்களை வகை வகையாக நூறு வரை எண்ணச் சொல்வார்கள். தோழிகள் பலர் எழுபதிலேயே சலித்துப்போய், மீதியைப் பாடநூலில் உள்ள விகிதப்படி நிரப்பிவிடுவார்கள். நான் நூறையும் எண்ணுவேன். ஈசினோஃபில் என்ற வெள்ளணு வகை வழக்கத்தைவிட அதிகமாக வந்தால், அது யாருடைய ரத்தம், அவருக்குத் தும்மலோ தோல் அரிப்போ உண்டா என்று கேட்டு ஓரத்தில் குறித்துவைப்பேன். ஆனால் அந்தப் பூச்சைக் கண்ணாடிச் சில்லின் மேல் சீராக இழுப்பது கடைசிவரை எனக்குக் கைவரவில்லை. என் நாட்டம் பதிவில் இருந்தது, கைவேலையில் இல்லை.

நீங்களும் அப்படி நினைவுபடுத்திப் பாருங்கள். வளர்ப்புத் தட்டில் பூஞ்சை ஏறி மூன்று நாள் உழைப்பு வீணாகியிருக்கும். டி.என்.ஏ.வைப் பிரித்துப் பார்க்கும் ஜெல்லில் பட்டையே தெரியாமல் போயிருக்கும். மறுநாள் காலையில் மீண்டும் முதலிலிருந்து தொடங்க ஆவலாக இருந்ததா, அல்லது இது எப்போது முடியும் என்று இருந்ததா? ஆய்வக வாழ்க்கையில் பெரும்பகுதி இப்படி மீண்டும் மீண்டும் செய்வதுதான்.

மெடிக்கல் கோடிங்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பற்றி நம் ஊரில் இரண்டே விதமான பேச்சுதான் நடக்கிறது: உடனே சம்பளம் கிடைக்கும் என்பது ஒன்று, படித்த படிப்பு வீண் என்பது மற்றொன்று. அமெரிக்காவில் மருத்துவமனைக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர வேண்டுமானால், மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கு ஐ.சி.டி. குறியீடும், செய்த சிகிச்சைக்கு சி.பி.டி. குறியீடும் இட்டாக வேண்டும். அந்த வேலையின் கணிசமான பகுதி சென்னையில் நடக்கிறது. பெருங்குடி, தரமணி, அம்பத்தூர் பகுதிகளில் இதற்கான அலுவலகங்கள் நிறைய உள்ளன. உடற்கூறும் உடலியலும் தெரிந்தவர்கள் தேவை என்பதால் உயிரியல் பட்டதாரிகளை விரும்பி எடுக்கிறார்கள். நான் சேர்ந்தபோது மாதச் சம்பளம் 9,000 ரூபாய். பெரம்பூரிலிருந்து மின்சார ரயிலில் கடற்கரை நிலையம் வந்து, அங்கிருந்து பறக்கும் ரயிலில் பெருங்குடிக்குப் போவேன்.

வேலை எப்படியிருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒருவருடைய குறிப்பில் இரண்டாம் வகை நீரிழிவு என்று ஓரிடத்திலும், நாட்பட்ட சிறுநீரக நோய் என்று வேறோரிடத்திலும் எழுதியிருக்கும். புதிதாக வந்தவர் சிக்கலற்ற நீரிழிவுக்கான ஈ11.9 என்று போட்டுவிடுவார். ஆனால் அவ்விரண்டுக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர் தெளிவாக எழுதாதவரை, தொடர்பு உண்டு என்றே கொள்ள வேண்டும் என்பது விதி, ஆகவே ஈ11.22 போட்டு, சிறுநீரக நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதற்கு என்18 வரிசையிலிருந்து இன்னொரு குறியீட்டையும் சேர்க்க வேண்டும். நீரிழிவு சிறுநீரகத்தை என்ன செய்கிறது என்று படித்த ஒருவருக்கு அந்த விதியின் நியாயம் உடனே புரியும். 2015 அக்டோபர் 1 அன்று அமெரிக்கா ஐ.சி.டி. ஒன்பதாம் பதிப்பிலிருந்து பத்தாம் பதிப்புக்கு மாறியபோது, சுமார் 14,000 ஆக இருந்த நோய்க் குறியீடுகள் 68,000-ஐத் தாண்டின. அந்த மாறுதலுக்காக நாங்கள் மாதக்கணக்கில் படித்தோம். கல்லூரியில் படித்ததைவிட உடற்கூறை அப்போதுதான் நன்றாகப் படித்தேன்.

ஆகவே அது தாழ்ந்த வேலையில்லை. ஆனால் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டு சேருங்கள். நாள்தோறும் இத்தனை குறிப்புகளை முடிக்க வேண்டும், இத்தனை விழுக்காடு பிழையின்றி இருக்க வேண்டும் என்ற இலக்கு ஒவ்வொரு நாளும் தலைமேல் நிற்கும். மேலும், எளிய கதிரியக்கப் படக் குறிப்பு போன்றவற்றை மென்பொருளே குறியீடாக்கத் தொடங்கிவிட்டது. அங்கே நிலைக்க விரும்புகிறவர் அறுவைச் சிகிச்சை, உள்நோயாளி, தணிக்கை போன்ற சிக்கலான பிரிவுகளுக்கு நகர்ந்தாக வேண்டும். அதற்கு, தேர்ந்த கோடர் என்று காட்டும் சி.பி.சி. சான்றிதழ் உதவும்: நான்கு மணி நேரத்தில் 100 கேள்விகள், தேர்ச்சிக்கு 70 விழுக்காடு.

நான் விலகியதற்குக் காரணம் வேறு. நாள் முழுவதும் நோயாளிகளின் கதையைப் படித்தேன். ஆனால் அவர்களில் ஒருவரையும் பார்த்ததில்லை, அவருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதும் தெரியாது. அந்தக் குறை நாளுக்கு நாள் பெரிதானது. மருந்தாய்வுப் பக்கம் போகலாம் என்று முடிவு செய்து, வேலை உறுதி என்று விளம்பரம் செய்த ஒரு பயிற்சி நிலையத்தில் 60,000 ரூபாய் கட்டினேன். அச்சிட்ட தாள்களையும் ஒரு சான்றிதழையும் கொடுத்தார்கள். வேலை என்று கேட்டபோது, மீண்டும் அதே கோடிங் நிறுவனங்களின் பட்டியலை நீட்டினார்கள். அது என் தந்தை ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலைச் சம்பளத்தில் சேர்த்துவைத்திருந்த பணம். இதைப் படிக்கும் எவரும் வேலை உறுதி என்ற சொல்லை நம்பி முன்பணம் கட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அங்கே சொல்லித்தந்த அடிப்படைகளை இன்று வீட்டிலிருந்தே படிக்கலாம்: ஆயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம், மருத்துவ ஆய்வின் அடிப்படைகளைப் பற்றிய பாடத்தை என்பிடெல் என்ற இணையவழிப் பாடத்தளம் வழியாக நடத்தியிருக்கிறது, பாடத்தைப் பார்க்கக் கட்டணம் இல்லை, சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம்.

கடைசியில் எனக்கு வேலை கிடைத்தது ஒரு சீனியர் அக்கா சொன்ன தகவலால். மருத்துவமனை ஒன்றில் ஆய்வுப் பதிவுகளை உள்ளிட ஆள் தேடினார்கள். 22,000 வாங்கிக்கொண்டிருந்த நான் 14,000-க்குப் போய்ச் சேர்ந்தேன். குறிப்புகளைப் பிழையின்றிப் படிக்கும் பழக்கம் கோடிங் எனக்குத் தந்த சொத்து என்பது அங்கே போன முதல் வாரத்திலேயே தெரிந்தது.

இப்போது என் வேலையில் முக்கியமானது, ஆய்வில் சேரவிருக்கும் நோயாளிக்கு எல்லாவற்றையும் தமிழில் விளக்கி ஒப்புதல் பெறும்போது மருத்துவருக்குத் துணையாக இருப்பது. காசிமேட்டில் வலை பின்னும் பெரியவர் ஒருவருக்கு, பாதிப் பேருக்குப் புதிய மருந்தும் பாதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரையும் தரப்படும் என்பதை விளக்கிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு வர்றது எதும்மா?" என்றார். "அது எனக்கும் தெரியாதுங்கய்யா, டாக்டருக்கும் தெரியாது, கம்ப்யூட்டர்தான் பிரிச்சுக் கொடுக்கும்" என்றேன். சிறிது நேரம் யோசித்தார். "அப்ப குலுக்கல் சீட்டுன்னு சொல்லேன். யாருக்கு விழும்னு சீட்டு புடிக்கிறவனுக்கே தெரியக்கூடாது. தெரிஞ்சா அது களவாணித்தனம்" என்றார். மருந்தாய்வில் ஏன் சமவாய்ப்பு முறையில் பிரிக்கிறோம், ஏன் மருத்துவருக்கே மறைக்கிறோம் என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அன்று முதல் நோயாளிகளுக்கு அந்த உவமையைச் சொல்லித்தான் விளக்குகிறேன்.

இந்த வேலையில் எழுத்து வேலை மிக அதிகம். மருந்து வைத்திருக்கும் குளிர்பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று நாள்தோறும் குறிக்க வேண்டும். ஆய்வில் இருப்பவருக்குக் கடுமையான பாதிப்பு ஏதும் நேர்ந்தால், 2019-இல் வந்த விதிகளின்படி ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும், நெறிமுறைக் குழுவுக்கும், ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும், அந்த அறிக்கைக்கான விவரங்களை நாங்கள் திரட்டித் தர வேண்டும். அந்த இரவுகளில் வீட்டுக்குப் போக முடியாது. ஆனாலும் இது நம் நகரத்துக்கு உரிய வேலை என்ற பெருமை எனக்கு உண்டு. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், வீட்டிலேயே மருந்து சாப்பிட்ட நோயாளிகளும் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தங்கிச் சாப்பிட்டவர்களைப் போலவே குணமடைகிறார்கள் என்று ஒப்பிட்டுக் காட்டியது. 1959-இல் வெளியான அந்த முடிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. அந்த ஆய்விலும் வீடு வீடாகப் போய், மாத்திரைகளை எண்ணிக் குறித்தவர்கள் இருந்திருப்பார்கள்.

இனி உங்கள் ஆறேழு மாதங்களுக்கு வருகிறேன். ஆய்வகம் ஒத்துவருமா என்று அறிய, சென்னையில் உள்ள அரசு ஆய்வு நிறுவனங்கள் அவ்வப்போது அறிவிக்கும் திட்டப் பணியாளர் இடங்களுக்கு விண்ணப்பியுங்கள். சேத்துப்பட்டு, ஆயப்பாக்கம் நிறுவனங்களைத் தவிர, அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும், சாந்தோம் சாலையில் உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனமும் உள்ளன. பலவற்றுக்கு நேரடி நேர்காணல்தான். இணையதளத்தை வாரம் ஒருமுறை பார்த்துவந்தால் போதும். அவை ஒப்பந்த வேலைகள், திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். உங்களுக்கு இப்போது வேண்டியதும் அவ்வளவே. களப்பணியில் நாட்டம் இருக்குமோ என்று தோன்றினால் அதைச் சோதிக்கச் செலவே இல்லை: ஜனவரி முதல் மார்ச் வரை ஆமைகள் முட்டையிட வரும் காலத்தில், மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு நீலாங்கரைக் கடற்கரையில் இரவு நடை நடத்துகிறது. ஒருமுறை போனால் எல்லாருக்கும் பிடிக்கும். நான்காவது முறையும் போகத் தோன்றுகிறதா என்று பாருங்கள்.

அரசுத் தேர்வு எண்ணம் இருந்தால் ஓர் எச்சரிக்கை. இந்திய வனப்பணித் தேர்வுக்குத் தகுதியான பாடங்களின் பட்டியலில் தாவரவியலும் விலங்கியலும் பெயர் சொல்லி இருக்கின்றன, உயிரித்தொழில்நுட்பம் இல்லை. முதுகலை ஆசிரியர் பணியிலும் பட்டத்தின் பெயரும் பாடத்தின் பெயரும் பொருந்த வேண்டும், அல்லது இணையானது என்று அரசாணை இருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் தயாரான பிறகு இதை அறிந்து கலங்கியவர்களை எனக்குத் தெரியும். அறிவிக்கையை முழுவதும் படித்துவிட்டுப் பயிற்சி மையத்துக்குப் போங்கள்.

ஆய்வகம் பிடித்திருக்கிறது என்று தெளிவானால், அப்போது எம்.எஸ்ஸி.க்கு முழு மனதோடு தயாராகலாம். ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் எம்.எஸ்ஸி. சேர பிப்ரவரியில் நடக்கும் ஜாம் நுழைவுத் தேர்வின் உயிரித்தொழில்நுட்பத் தாளில் வேதியியல், இயற்பியல், கணிதமும் வரும் என்பதால் பிளஸ் டூ புத்தகங்களைத் தூசிதட்ட வேண்டும். சேரும் துறையில் கடைசிப் பருவம் முழுவதும் ஆய்வகத்தில் சொந்த ஆய்வு செய்ய விடுகிறார்களா என்று அங்கே படிக்கும் மாணவர்களிடமே கேளுங்கள். கட்டடத்தையும் தரவரிசையையும்விட எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அதன் பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்று முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தால், 2023 முதல் முதலிரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் வருகிறது; வீட்டாருக்கு இதைச் சொன்னால் படிப்பின் மேல் நம்பிக்கை வரும்.

வீட்டில் பேசும்போது "கொஞ்ச நாள் பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கோடிங் வேலையை விடப்போகிறேன், ஒரு வருடம் அவகாசம் கொடுங்கள் என்று நான் கேட்டபோது, என் தந்தை, "ஒரு வருஷம்னா எந்த தேதி வரைக்கும்?" என்றுதான் கேட்டார். அடுத்த மார்ச் 31 என்றேன். சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் பின்பக்கத்தில் அந்தத் தேதியை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். அந்தத் தேதி வரும்வரை அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, வந்து விசாரித்த உறவினர்களையும் கேட்க விடவில்லை.