கர்ப்பப்பையை எடுக்கும்போதே கசிவுக்கும் ஆபரேஷனா?

செந்தூலிலிருந்து 48 வயது வாசகி எழுதியிருக்கிறார்: கர்ப்பப்பையில் கட்டி, உதிரப்போக்கு அதிகம். அடுத்த மாதம் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுக்க நாள் குறித்தாயிற்று. இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறது. பத்துமலைப் படியேறக்கூட பேட் வைத்துக்கொண்டுதான் போகிறாராம். கர்ப்பப்பை போனால் கசிவும் நிற்குமா, அல்லது ஒரே மயக்கத்தில் இரண்டையும் முடித்துவிடலாமா என்பது கேள்வி.

நிற்காது, சகோதரி. பெரிய கட்டி சிறுநீர்ப்பையை அழுத்திக்கொண்டிருந்தால், அடிக்கடி பாத்ரூம் ஓடுவது வேண்டுமானால் குறையும். இருமலில் கசிவதோ சிறுநீர்க்குழாயைத் தாங்கும் தசையும் சவ்வும் தளர்ந்ததால். கர்ப்பப்பையை எடுப்பதால் அவை இறுகிவிடாது.

முதலில், இது எந்தக் கசிவு? சிறுநீரை அடக்கிவைத்துக்கொண்டு டாக்டர் முன்னால் பலமாக இருமிக் காட்டச் சொல்வார்கள். கூச்சமாகத்தான் இருக்கும். இருமிய அதே நொடியில் பீச்சினால் தளர்வுக் கசிவு. இருமல் ஓய்ந்து சில நொடி கழித்து நிறையப் போனால் சிறுநீர்ப்பையே சுருங்குகிறது என்று சந்தேகிக்கவேண்டும். வீட்டு வாசலில் சாவியைத் திருகும்போதே அடக்க முடியாமல் போகிறவர்களுக்கும் இந்தத் தொல்லையாக இருக்கலாம். அதற்கு மாத்திரையும் பயிற்சியும் உண்டு; கத்தி வேண்டாம்.

தளர்வுதான் என்றால், பரவலாகச் செய்யப்படுவது சிறுநீர்க்குழாயின் நடுப்பகுதிக்கு அடியில் மெல்லிய செயற்கை நாடா வைத்துத் தாங்குவது. 1990களில் வந்த முறை, பலன் நல்லது. ஆனால் நாடா பின்னாளில் திசுவை அரித்து வெளியே தெரிந்தால் முழுதாக எடுப்பது பெரும்பாடு. பிரிட்டனில் 2018இல் இதை நிறுத்திவைத்ததும் இப்படிப்பட்ட புகார்களால்தான். உங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. எப்படியும் வயிற்றைத் திறக்கிறார்களே, அதே வெட்டு வழியாகச் சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதியைத் தையல் போட்டுத் தூக்கிக் கட்டலாம். 'பர்ச்' முறை என்பார்கள், நாடா தேவையில்லை.

இடுப்புத்தளப் பயிற்சியை, அதாவது சிறுநீரை அடக்கும் தசைகளை இறுக்கித் தளர்த்துவதை, ஒழுங்காக 3 மாதம் செய்ததுண்டா? ஒரு வேளைக்கு 8 முறையாவது இறுக்கித் தளர்த்தி, தினம் 3 வேளை. செய்ததில்லை என்றால், கர்ப்பப்பையை மட்டும் முதலில் எடுங்கள் என்பேன். உதிரப்போக்கைத் தள்ளிப்போட முடியாது, கசிவு காத்திருக்கும். பயிற்சியும் பலிக்காமல், பரிசோதனையில் கசிவும் உறுதியாகியிருந்தால் இரண்டையும் சேர்த்தே செய்யலாம். அப்படிச் செய்தால் கண்விழித்தபின் சில நாள் சிறுநீர் சரியாக இறங்காமல் போகலாம். டியூபோடு வீட்டுக்கு அனுப்பினால் பதறாதீர்கள். அதை எடுக்க என்றைக்கு வரவேண்டும் என்பதை மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.