கிதாரில் கேப்போ எதற்கு?

கிதாரின் கழுத்தில் எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்திப் பிடிக்கும் சிறு கவ்விதான் கேப்போ. தந்தியின் அதிரும் நீளம் குறைந்தால் அது வேகமாக அதிரும், சுருதி ஏறும். மொட்டைமாடிக் கொடிக்கயிற்றின் நடுவில் ஒரு கம்பை முட்டுக்கொடுத்தால், குறுகிய பகுதி விறுவிறுவென்று ஆடுகிறதல்லவா, அதே கணக்கு. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்தான் ஃபிரெட்டுகள்; ஒவ்வொரு ஃபிரெட்டும் அரைச்சுரம் கூட்டும்; 12ஆவது ஃபிரெட்டில் நீளம் பாதியாகி ஒரு ஸ்தாயி உயரும்.

பல ஆண்டுகளாகப் பொழுதுபோக்காக வாசிப்பவர்களுக்கு இதில் பெரிய வசதி உண்டு. இருபது வயதில் பாடிய பாட்டு அறுபதில் அதே சுருதியில் தொண்டைக்கு ஒத்துவராமல் போகலாம். புதிய கார்டுகளை (பல சுரங்களை ஒருசேர ஒலிக்கவைக்கும் விரல்பிடிகளை) தேட வேண்டாம். பழகிய 'ஜி' கார்டின் வடிவத்தைப் பிடித்து, கேப்போவை 2ஆவது ஃபிரெட்டில் மாட்டினால் 'ஏ' கார்டு ஒலிக்கும். மூட்டுவலி உள்ள விரல்களுக்கு, ஒரே விரலால் பல தந்திகளை அழுத்த வேண்டிய கடினமான பார் கார்டுகளிலிருந்து விடுதலையும் கிடைக்கும் (எனக்குப் பிடித்த காரணம் இதுதான்). மாட்டிய பிறகு சுருதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அழுத்தம் மிகுந்தால் தந்தி இழுபட்டுப் பிசகும்.

கேப்போ கற்றுக்குட்டிகளின் குறுக்குவழி என்பது தவறான எண்ணம்: ஸ்பெயினின் மரபிசையான ஃபிளமெங்கோவின் கிதார் மேதை பாக்கோ தெ லூசியாவும் அதை மாட்டித்தான் வாசித்தார்.